மின்சாரம் இல்லாத வகுப்பு, கடவுச்சொல் மறந்த வகுப்பு

மலாக்காவின் பல ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் மின்சாரம் என்பது எஞ்சின் வீட்டுச் சங்கதி. விடியுமுன், ஆட்கள் பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்புக்குக் கிளம்பும் வேளையில் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும். லயத்து விளக்குகள் எரியும். பொழுது சாய்ந்ததும் மறுபடி ஓடத் தொடங்கி இரவு பத்து மணி வாக்கில் நின்றுவிடும். இடைப்பட்ட பகல் முழுக்க எஞ்சினுக்கு ஓய்வு. பள்ளிக்கூடம் நடந்தது அந்தப் பகலில். ஆகவே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு எந்தக் கருவி வந்தாலும் அதனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: மின்சாரம் இல்லாமல் வேலை செய்வாயா?

சிலேட்டு செய்தது. கரும்பலகை செய்தது. பிள்ளைகள் விரலால் எழுதிப் பழகிய மணல் செய்தது. சுவரில் ஆணியடித்து மாட்டிய மலாயா வரைபடம் செய்தது. எழுபதுகளிலும்கூட நிறையப் பள்ளிகளில் கற்பித்தல் கருவிகள் என்று எண்ணிச் சொல்ல அவ்வளவுதான் இருந்தன.

மலாக்காவில் இந்தக் கதை ரப்பரோடு சேர்ந்தே தொடங்குகிறது. 1896-இல் மலாக்காச் சீனரான டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கருக்குச் சற்று மேல் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் இடங்களில் ஒன்று அது. பின்பு புக்கிட் ஆசகானில் அதைவிடப் பலமடங்கு பெரிய தோட்டம் எழுந்தது. மரம் வளர்ந்தது, பால் வெட்டக் கைகள் தேவைப்பட்டன, தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்கள் கப்பலேறின. பிள்ளைகள் பிறந்ததும் பள்ளி வேண்டியிருந்தது. புக்கிட் லிந்தாங் பெயரிலும் புக்கிட் ஆசகான் பெயரிலும் தமிழ்ப்பள்ளிகள் மலாக்காவில் உண்டு. ரப்பர் வரலாற்றில் இடம்பெற்ற இரண்டு பெயர்களைத் தமிழ்ப்பிள்ளைகள் சட்டைப்பையின் பள்ளிச் சின்னத்தில் சுமந்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912-இல் நேச மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் சொன்னது. மலாக்கா அப்போது நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. அங்கும் பின்னர் அதே வகைச் சட்டம் வந்தது. பள்ளி வேண்டும் என்று சொன்ன சட்டம், எப்படிப்பட்ட ஆசிரியர் வேண்டும் என்பதில் அக்கறை காட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ காலையில் வாத்தியாராக நின்ற தோட்டங்கள் உண்டு. ஒரே கொட்டகை, ஒரே பலகை, பல வகுப்புகள்.

அந்த ஒற்றை வாத்தியார் வகுப்பு நடத்திய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு மூலையில் முதலாம் வகுப்பு உரக்க 'அ, ஆ' சொல்லும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே நான்காம் வகுப்பு பலகையின் ஒரு பாதியில் எழுதியிருக்கும் கணக்கைப் போடும். மறு பாதி மூன்றாம் வகுப்புக்கு. பெரிய வகுப்பில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாகி, சின்னவர்களின் சிலேட்டைப் பார்த்துத் திருத்துவான். வாத்தியார் இந்தக் கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் வேகத்தில் பாடம் என்று இன்று பயிற்சிப் பட்டறைகளில் பேசப்படுகிறதே, அதை அவர் பிரம்பும் சுண்ணக்கட்டியும் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிச் செய்துகொண்டிருந்தார். பிரம்பை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த உழைப்பை மட்டும் சொல்கிறேன்.

வெளியுலகம் அந்தக் கொட்டகைக்குள் வந்த வழி செய்தித்தாள். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்காகவே பகுதி ஒதுக்கியது. தோட்டத்துப் பையன் எழுதி அனுப்பியது அச்சில் வரும். பெயரும் பள்ளியும் போட்டிருக்கும். எழுதியது இன்னோர் ஊரில் படிக்கப்படும் என்ற நினைப்பு பிள்ளையின் கையெழுத்தைத் திருத்தியது, வாசிப்பை வளர்த்தது. அந்தப் பக்கங்களில் எழுதிப் பழகியவர்கள் பின்னாளில் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களாக வளர்ந்தார்கள். நாளேட்டைக் கற்பித்தல் கருவியாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தாக வேண்டும் என்பது என் கருத்து.

ஆனாலும் அன்றைய கருவிகளில் நான் மிகவும் மதிப்பது ஸ்டென்சிலைத்தான். மெழுகு பூசிய மெல்லிய தாள் அது. கெட்டியான அட்டைமேல் விரித்து, எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீற வேண்டும். அழுத்திக் கீறினால் சுழி வட்டமாக அறுந்து விழுந்துவிடும். 'ஞ', 'ண' எல்லாம் அச்சில் கறுப்புப் பொட்டாக வரும். மெல்லக் கீறினால் மை இறங்காது. தப்பு விழுந்தால் நகப்பூச்சு மாதிரி மணக்கும் திரவத்தைத் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, அதன்மேலேயே மறுபடி எழுத வேண்டும். அப்புறம் உருளையில் மாட்டி, மை ஊற்றி, கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொரு தாளாக விழும். ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் தட்டச்சுப் பொறி இருந்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறி எல்லாப் பள்ளிக்கும் வாய்க்கவில்லை. அதனால் தமிழ்த் தேர்வுத்தாள் பெரும்பாலும் ஆசிரியரின் கையெழுத்திலேயே அச்சானது. மாத முடிவில் ஆசிரியரின் வலது கை நடுவிரலில் மைக்கறையும் காய்ப்பும் இருக்கும். அந்தப் பொறிக்கும் மின்சாரம் வேண்டாம். பகலில் எஞ்சின் ஓடாத தோட்டத்தில், ஆசிரியர் தன் பிள்ளைகளுக்கு ஏற்ற பாடத்தைத் தானே தயாரித்து நூறு பிரதி எடுக்க முடிந்தது. அதில் வந்த கதையில் அவர்களுடைய ஆறு இருந்தது, அவர்களுடைய கோயில் திருவிழா இருந்தது.

1972 ஜூன் 19-ஆம் தேதி கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. நாட்டுக்கே பெரிய நிகழ்ச்சி. ஆனால் நிகழ்ச்சி வந்ததோ பள்ளி நேரத்தில், அதாவது எஞ்சின் நின்றுபோன பகலில். பட்டணத்துப் பள்ளிகள் பார்த்தன. நகரத்திலுள்ள குபு தமிழ்ப்பள்ளிக்கும் உள்ளடங்கிய ஜாசின், தெபோங் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளுக்கும் இருந்த தூரம் அதுவரை மண்சாலையின் தூரம். அதற்குப் பிறகு மின்கம்பியின் தூரமும் சேர்ந்துகொண்டது.

அதே காலத்தில் மலாக்காவில் இன்னொன்று நடந்தது. பத்து பிரண்டாமில் மின்னணு ஆலைகள் வந்தன. சீமென்ஸ் நிறுவனம் 1973-இல் அங்கே தொடங்கிய ஆலை இன்று இன்ஃபினியோன் என்ற பெயரில் இயங்குகிறது. இருட்டோடு இருட்டாக ஆலைப் பேருந்துகள் தோட்டச் சந்திப்புகளுக்கு வந்து நிற்கும். பால் வெட்டப் போக வேண்டிய வயதில் தமிழ்ப்பெண்கள் அந்தப் பேருந்தில் ஏறினார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளோடு இணைத்தார்கள். உலகத்துக் கணினிகளுக்குள்ளே போகும் பொருள் அவர்கள் கைபட்டுப் போனது. அவர்களுடைய தம்பி தங்கைகள் படித்த பள்ளிக்கு ஒரு கணினி வந்து சேர அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு தலைமுறை பிடித்தது. மலாக்காத் தமிழரின் தொழில்நுட்பக் கதையை எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

இதற்கிடையே தோட்டங்களே மாறிப்போயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆட்கள் வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் ஆயர் குரோ, பாயா ரும்புட், அலோர் காஜா, புலாவ் செபாங் பக்கம் குடிபெயர்ந்தன. விடுதலை பெற்ற 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, 2000-இல் 526. மலாக்காவில் இன்றைக்கு இருப்பவை இருபதுக்குச் சற்று மேல். பல பள்ளிகளின் பெயர்ப்பலகையில் 'தோட்டம்' என்ற சொல் நிற்கிறது. வேனில் வந்து இறங்கும் பிள்ளைகளில் பலர் பால்மரத்தைப் பாடநூலில்தான் பார்த்திருக்கிறார்கள்.

வகுப்பறைக்குக் கணினி பெரிய அளவில் வந்த ஆண்டு 2003. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் அந்த ஆண்டு தொடங்கியது. அந்தப் பாடங்களின் ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, படவீழ்த்தி, பாடம் பதிந்த குறுந்தட்டுகள் எல்லாம் கொடுத்தார்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கும் கிடைத்தன. அதுவரை வண்ணப்படம் ஒன்று வரைய மாலை முழுக்க உட்கார்ந்த ஆசிரியருக்கு, ஒரு பொத்தானில் இதயம் துடிப்பதைக் காட்ட முடிந்தது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

ஆனால் அந்த இயந்திரம் தமிழ் பேசவில்லை. கணக்கையும் அறிவியலையும் முதன்முறை திரையில் பார்த்த தமிழ்ப்பிள்ளைக்கு, திரை என்பதே ஆங்கிலத்தின் இடம் என்று பட்டிருக்கும். ஆசிரியர் ஒலியைக் குறைத்துவிட்டு, படத்தை மட்டும் ஓடவிட்டுத் தமிழில் விளக்கிய வகுப்புகள் உண்டு. அப்படிச் செய்தவர்கள் விதியை மீறினார்கள் என்று சொல்லலாம். வகுப்பைக் காப்பாற்றினார்கள் என்று நான் சொல்வேன். 2009-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட அரசாங்கம் முடிவு செய்தது.

திரை ஆங்கிலத்தின் இடமாகிவிட்டால் தமிழ் மெல்ல விலகிவிடும் என்ற பயம் மலாக்காவில் வெறும் பேச்சு இல்லை. காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் வாழ்கிறார்கள். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வணிகம் செய்ய வந்தவர்களின் வழிவந்தவர்கள்; 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பொங்கல் வைக்கிறார்கள், முன்னோருக்குப் படைக்கிறார்கள், வீட்டில் பேசுவது மலாய். தமிழ் அவர்கள் நாவிலிருந்து மெல்ல விலகி எத்தனையோ தலைமுறையாகிவிட்டது. சமயமும் சடங்கும் அவர்களிடம் நிலைத்திருக்கும் உறுதியை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் புழங்கும் இடம் ஒவ்வொன்றாகக் குறைந்தால் மொழிக்கு என்ன ஆகும் என்பதை மலாக்காக்காரர்கள் வேறெங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. திரையும் அப்படிப்பட்ட ஓர் இடம்.

திரையில் தமிழை ஏற்றும் வேலையில் மலேசியர்களுக்கு முன்வரிசைப் பங்கு உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் எண்பதுகளின் நடுவிலேயே முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 2005-இல் அவருடைய செல்லினம் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் வழியைத் திறந்தது. மலாக்காவின் டுரியான் துங்கலில் பிறந்த மலாக்கா முத்துகிருஷ்ணன், ஆசிரியராக இருந்தவர், மலேசிய நண்பன் நாளிதழில் கணினிக் கேள்வி பதில் எழுதினார். கணினி என்றாலே கலங்கிய எத்தனையோ தமிழாசிரியர்களுக்கு அந்தப் பக்கம் பயம் தெளியவைத்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசியாவைப் பற்றி அவர் எழுதிக் குவித்த கட்டுரைகளை இன்று பிள்ளைகள் திட்டப்பணிக்குப் படியெடுக்கிறார்கள்.

நடுவே ஒரு சோதனைக்காலம் இருந்தது. தமிழாசிரியர்கள் யாரைக் கேட்டாலும் பெருமூச்சு விட்டுத்தான் தொடங்குவார்கள். யூனிகோடு பரவலாகப் புழங்குமுன், ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தது. பள்ளிக் கணினியில் இரவெல்லாம் தட்டி முடித்த தேர்வுத்தாளை விரலியில் எடுத்துக்கொண்டு பட்டணத்து அச்சகத்துக்குப் போவார்கள். அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. 'கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை எழுதுக' என்ற வரி, உச்சிக்குறி பெற்ற லத்தீன் எழுத்துகளும் டாலர் குறிகளுமாகச் சிதறி நிற்கும். கடைக்காரர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருப்பார். இதுதான் தமிழ் போலும் என்று அப்படியே அச்சிட்டும் விடுவார். திரும்பி வந்து எழுத்துருவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு தமிழ் யூனிகோடு கணினிக்குள் வந்தது என்றாலும், பள்ளிகள் பழைய கோப்புகளை விட்டு வெளியேறப் பல ஆண்டுகள் ஆயின. ஸ்டென்சிலில் கையால் எழுதிய வாத்தியாருக்கு இந்தச் சங்கடம் இருந்ததே இல்லை.

2011-இல் எல்லாப் பள்ளிகளுக்கும் இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தரும் ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. ஃபிராக் என்ற அந்தத் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணக்கு. 2013-ஆம் ஆண்டுத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, அதன் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை என்றது. 2019 நடுவில் திட்டம் முடிந்தது. சாப்பாடு சமைத்து வைத்தாயிற்று, பந்திக்குத்தான் யாரும் வரவில்லை என்று மேலிடத்தில் வருத்தப்பட்டிருக்கலாம். இணைய வேகம் போதாத பள்ளி, தமிழில் பாடம் குறைவான தளம், அதில் பாடம் ஏற்ற நேரமே இல்லாத ஆசிரியர்: இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 5 விழுக்காட்டில் எனக்கு வியப்பில்லை.

பிறகு 2020 மார்ச் 18 வந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்த நாள். பள்ளிகள் ஒரே வீச்சில் மூடின. கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று தெரிந்தது. இருந்தவர்களிடமும் பெரும்பாலும் இருந்தது திறன்பேசிதான். சபாவில் ஒரு மாணவி அலைவரிசை தேடி மரத்தில் தங்கித் தேர்வெழுதிய காணொளியை நாடே பார்த்தது. தீபகற்பத்தில் இருந்த நாம் அதைத் தூரத்துச் செய்தியாகப் பார்த்தோம். செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் வரிசை வீடுகளில் பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நடந்தது செய்தியாகவில்லை.

ஒரு வீடு, மூன்று பிள்ளைகள், ஒரு கைப்பேசி. அதுவும் அம்மாவுடையது. ஆலை திறந்ததும் அது அம்மாவோடு ஆலைக்குப் போய்விடும். உள்ளே கொண்டுபோக அனுமதியில்லாத இடங்களில் நாளெல்லாம் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கும். அம்மா வேலை முடிந்து, பேருந்து பிடித்து, குளித்து, சமைத்து முடிக்க இரவு எட்டரை ஒன்பது ஆகும். மலாக்காத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் இல்லிருப்புக் கற்றல் அப்போதுதான் உண்மையில் தொடங்கும்.

"டீச்சர், டேட்டா முடிஞ்சிருச்சு. சம்பளம் வந்ததும் டாப் அப் பண்ணிட்டு எல்லாத்தையும் அனுப்பச் சொல்றேன். பையனைக் கோவிச்சுக்காதீங்க."

"பரவால்லைம்மா. காணொளி பார்க்க வேணாம். பயிற்சித்தாளை கார்டு வீட்டுல வச்சிட்டுப் போறேன். முடிச்சதும் ஒரே ஒரு படம் மட்டும் அனுப்பச் சொல்லுங்க."

இப்படிப்பட்ட உரையாடல்கள் அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் நடந்திருக்கும். ஆசிரியர்கள் தங்கள் காடியில் பயிற்சித்தாள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் வைத்துவிட்டு வந்தார்கள். பெரிய பெரிய தளங்கள் தடுமாறிய அந்த நேரத்தில் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளைத் தாங்கியவை இரண்டு: அச்சடித்த தாளும், நாங்கள் புலனம் என்று அழைக்கும் வாட்சாப்பும்.

புலனத்தில் ஒரு நல்லது நடந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி ஒரு பத்தி வாசிக்கவைக்க ஒரு வாரம் ஆகும். உரக்க வாசிக்கிறவன் முந்திக்கொள்வான். கூச்சப்படும் பிள்ளை கடைசி இருக்கையில் ஆண்டு முழுக்கத் தப்பித்துவிடும். பள்ளி மூடியிருந்தபோது ஆசிரியர்கள் வாசிப்பைக் குரல்பதிவாக அனுப்பச் சொன்னார்கள். இரவு பதினொரு மணிக்குக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கேட்டார்கள். பின்னணியில் தம்பி அழுவான், தொலைக்காட்சி ஓடும், மழை கூரையில் கொட்டும். நடுவே அந்தப் பிள்ளையின் குரல், வகுப்பில் ஒருமுறைகூடக் கேட்காத குரல், "வாழைப்பழம்" என்பதை "வாளைப்பளம்" என்று வாசிக்கும். ஆசிரியர் அதே சொல்லை நிறுத்தி நிதானமாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார். பிள்ளை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். நான்காவது பதிவில் 'ழ' வந்துவிடும். லகர ளகர ழகரத்துக்கு இதைவிட நல்ல கருவி தமிழ்ப்பள்ளிக்கு இதுவரை வாய்த்ததில்லை என்று நான் நம்புகிறேன். அமைச்சின் எந்தத் திட்ட அறிக்கையிலும் இது இருந்ததில்லை. ஆசிரியர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

பள்ளி திறந்ததும் பல இடங்களில் அது நின்றுபோனது எனக்கு ஆறாத வருத்தம். பள்ளிக்குள் மாணவர் கைப்பேசி கொண்டுவரக்கூடாது. அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் வாரத்தில் ஒருநாள் வீட்டிலிருந்து ஒரு நிமிட வாசிப்பைக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆசிரியருக்கு இரவில் ஓய்வு வேண்டும் என்பதுதான் சிக்கல். பள்ளி நேரத்திலேயே அதைக் கேட்க இரண்டு பாடவேளை ஒதுக்கிக் கொடுத்தால் போதும்.

இன்றைய வகுப்பறை எப்படி இருக்கிறது? பட்டணத்துப் பள்ளியில் தொடுதிரைப் பலகை இருக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கமோ முன்னாள் மாணவர்களோ நன்கொடையாளர்களோ வாங்கிக் கொடுத்ததாக அது பெரும்பாலும் இருக்கும். கீழ் ஓரத்தில் நன்றி வரி ஒட்டியிருக்கும். கணினி அறை இருக்கிறது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கம் இருக்கிறது. பாடப்புத்தகமும் சிலேட்டுமாகத் தாத்தா உட்கார்ந்த பள்ளியில் பேரன் கட்டங்களை இழுத்துப் பொருத்தித் திரையில் பூனையை நடக்கவைக்கிறான். 2020 ஜூனில் வந்த டெலிமா தளத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்கு உண்டு. 2023-இல் இலக்கவியல் கல்விக் கொள்கையும் வந்திருக்கிறது. ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-இல் நீக்கப்பட்டதால், தேர்வுக்கு மட்டுமே பயிற்சி என்ற நெருக்கடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

இனி, டெலிமாவில் நுழையும் இரண்டாம் ஆண்டு வகுப்பைப் பாருங்கள். கணக்கின் பெயர் எம் என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்து ஒரு சிறுகோடு. அடுத்து எட்டு எண்கள். அடுத்து அட் குறி, அதன்பின் அமைச்சின் நீண்ட முகவரி. இப்போதுதான் 'கௌ' வரை எழுதிப் பழகிய ஏழெட்டு வயதுப் பிள்ளை, விசைப்பலகையில் அட் குறியை ஒரு விரலால் தேடுகிறது. ஷிப்டை அழுத்திக்கொண்டே இன்னொன்றை அழுத்த வேண்டும் என்பது விளங்க நேரமாகிறது. எண்ணில் ஒன்று தவறினாலும் சிவப்பு வரி வந்து நிற்கும். சரியாகத் தட்டி முடித்தால் கடவுச்சொல். "ஐயா, மறந்துட்டேன்!" என்று ஐந்தாறு கைகள் ஒன்றாக உயரும். ஆசிரியர் ஒவ்வோர் இருக்கையாகக் குனிந்து குனிந்து போவார். ஒரு பாடவேளை 30 நிமிடம். பாதிக்கு மேல் வாசலிலேயே போய்விடும். பழைய கொட்டகையில் சிலேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த வாத்தியாரின் நடையும் இவருடைய நடையும் ஏறக்குறைய ஒன்றுதான். கடவுச்சொல்லை மீட்டுத் தரும் பொறுப்பு பள்ளியில் ஓர் ஆசிரியர் தலையில் இருக்கும். அவர் தன் வகுப்பை விட்டு இங்கே ஓடிவர வேண்டும்.

இந்த இடத்தில் சிறிய பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகள் குறைந்துபோன தோட்டப் பள்ளி என்றாலே நாம் இரக்கத்தோடு பேசுகிறோம். பதினைந்து பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கொரு கணினி கிடைத்துவிடும். ஏழு பேர் உள்ள வகுப்பில் எல்லாருடைய கடவுச்சொல்லும் ஆசிரியருக்கு மனப்பாடம். ஒருவர் வாசிப்பது எல்லாருக்கும் கேட்கும். பெரிய பள்ளிகள் பெரும்பாடுபட்டு அடைய நினைப்பது இங்கே இயல்பாகவே இருக்கிறது. வேகமான இணையமும், பழுது பார்க்க மாதம் ஒருமுறை வரும் ஆளும், தமிழில் ஆழமான பாடப்பொருளும் கிடைத்தால், மலாக்காவின் உள்ளடங்கிய பள்ளிகள் நாட்டுக்கே வகுப்பறை எப்படி இருக்கலாம் என்று காட்டும். அவற்றை மூடுவதைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும். டுரியான் துங்கலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆயர் குரோ பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் தமிழ் மாணவர்கள் சனிக்கிழமை காலைகளில் பக்கத்துப் பள்ளியின் கணினி அறைக்குப் போய் உட்கார்ந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இப்போது செயற்கை நுண்ணறிவின் முறை. மலாக்காவிலும் ஆசிரியர்கள் அதனிடம் கருத்துணர்தல் பகுதி கேட்கிறார்கள், வினாக்கள் கேட்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் தமிழில் ஒரு பக்கம் வந்து நிற்கிறது. இரவெல்லாம் ஸ்டென்சிலில் கீறிய தலைமுறைக்கு இது மாயவித்தை. ஆனால் அந்தப் பக்கத்தை ஒருமுறை ஊன்றிப் படித்தால் ஆசிரியரின் வேலை எங்கே இருக்கிறது என்று தெரியும். கதையில் பையன் மதுரைக்கு ரயிலேறுகிறான். கடையில் ரூபாய் கொடுக்கிறான். ஆறாம் வகுப்பில் படிக்கிறான், ஆறாம் ஆண்டில் இல்லை. ஒற்று சில இடங்களில் மிகுகிறது, சில இடங்களில் காணாமல்போகிறது. ஆசிரியர் பேனாவை எடுக்கிறார். ரயிலை அடித்துவிட்டு மலாக்கா சென்ட்ரலில் பேருந்து ஏற்றுகிறார், ரூபாயை வெள்ளியாக்குகிறார், மாங்காயை எடுத்துவிட்டு டுரியான் வைக்கிறார், விட்டுப்போன ஒற்றைப் போடுகிறார். அச்சுப்பொறி ஓடத் தொடங்குகிறது. மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.